அட்டையின் பின்பக்கத்தைப் பார்

அன்பு மகளுக்கு,

நேற்று இடுப்பு வலி தாங்காமல் வீட்டில் இருந்த மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். என்ன மாத்திரை என்று கேட்டால், "சாதாரண வலி மாத்திரைதான் அம்மா" என்கிறாய். அந்தப் பதில்தான் இரவெல்லாம் உறுத்திக்கொண்டிருந்தது. மருந்துக் கடையில் வேலை பார்த்த காலம் முழுக்க நான் கேட்டுப் பழகிய பதில் அது.

வலி மாத்திரை என்று ஒரே மாத்திரை கிடையாதம்மா. பாராசிட்டமால் ஒரு வகை. இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், நாப்ராக்சன், ஆஸ்பிரின் எல்லாம் வேறு வகை. அட்டையின் முன்னால் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். உள்ளே என்ன இருக்கிறது என்பது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சில அட்டைகளில் இபுபுரூஃபன் 400 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம் என்று இரண்டும் ஒரே மாத்திரையில் சேர்ந்திருக்கும். நீ போட்டது எது என்று இன்றே எடுத்துப் பார்.

உனக்கு இது ஆறாம் மாதம். 20 வாரம் கடந்த பிறகு இரண்டாம் வகை மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்லி, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் எச்சரித்தது. பிள்ளையைச் சுற்றியிருக்கும் பனிக்குட நீர் இந்த மாதங்களில் பெரும்பாலும் பிள்ளை கழிக்கும் சிறுநீர்தான். இந்த மருந்துகள் பிள்ளையின் சிறுநீரகத்தை மந்தப்படுத்தினால் அந்த நீர் வற்றத் தொடங்கும். 30 வாரத்தை நெருங்கும்போது இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. வயிற்றுக்குள் பிள்ளை மூச்சு விடுவதில்லை. அதனால் இரத்தம் நுரையீரலுக்குள் போகாமல் குறுக்கே செல்ல ஒரு குழாய் திறந்திருக்கும். பிறந்த பின் மூட வேண்டிய அந்தக் குழாயை இவை முன்கூட்டியே சுருக்கிவிடக்கூடும். ஒரு மாத்திரை போட்டுவிட்டாய் என்பதற்காகப் பதறாதே. மருத்துவரிடம் சொல்லிவிடு, தொடராதே. தடவும் ஜெல்லிலும் டைக்ளோஃபினாக் இருப்பதுண்டு. அதையும் கேட்காமல் தடவாதே.

ஆனால், இரத்த அழுத்தம் ஏறிவிடாமல் இருக்க மருத்துவரே குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு கணக்கு. என் கடிதத்தைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடாதே.

பாராசிட்டமால் போட்டால் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் என்று யாரோ சொன்னார்கள் என்றாயே. ஸ்வீடனில் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டார்கள். ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளை ஒப்பிட்டபோது அப்படி ஒரு தொடர்பே தெரியவில்லை. கர்ப்பிணிக்கு வலிக்கும் காய்ச்சலுக்கும் இன்றும் முதலில் சொல்லப்படுவது அதுதான். குறைந்த அளவில், தேவைப்படும் நாட்களுக்கு மட்டும் போடு. மாத்திரைக்குப் பயந்து காய்ச்சலைப் பொறுத்துக்கிடப்பதும் பிள்ளைக்கு நல்லதல்ல.

மாப்பிள்ளையிடமும் இதைச் சொல். சளிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று என்று போடுகிறார்; மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கலாம். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரையில் எட்டு, அதைத் தாண்டவே கூடாது. மது அருந்துகிறவர்களுக்கும் கல்லீரல் பாதித்தவர்களுக்கும் அதுவே அதிகம். அளவு மீறினால் முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரு வாந்தி, கொஞ்சம் சோர்வு, அவ்வளவுதான். கல்லீரல் கெடுவது அதற்குப் பிறகே வெளியில் தெரியும். மாத்திரை போட்ட எட்டு மணி நேரத்துக்குள் முறிவு மருந்து கொடுத்தால் அநேகமாகக் காப்பாற்றிவிடலாம். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று காத்திருந்துதான் பலர் அந்த நேரத்தைத் தவறவிடுகிறார்கள். இபுபுரூஃபன் வகையை வெறும் வயிற்றில் நாள்கணக்காகப் போடுகிற பழக்கத்தையும் அவர் விடட்டும். வயிற்றுப் புண்ணும் இரத்தக் கசிவும் அதனால் வரக்கூடும். இரத்த அழுத்தமும் ஏறக்கூடும்.

எனக்கு மிகப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. இனிமேல் உனக்குக் கடுமையான தலைவலி வந்து, கண் மங்கினாலோ, கண்முன் மின்னல் போலப் பளிச்சிட்டாலோ, முகமும் கையும் திடீரென்று வீங்கினாலோ, விலா எலும்புக்குக் கீழே வலித்தாலோ, எந்த மாத்திரையும் போட்டுக்கொண்டு படுத்துவிடாதே. அது இரத்த அழுத்தம் எகிறுவதன் அறிகுறியாக இருக்கலாம். மாத்திரை வலியை அடக்கும், அழுத்தத்தை அடக்காது. நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பு. எனக்குப் போகும் வழியில் சொன்னால் போதும்.

வீட்டில் இருக்கும் அட்டைகளை எல்லாம் பின்பக்கம் தெரியும்படி படம் எடுத்து எனக்கு அனுப்பு. எதை எடுத்து வைக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா