மோல்மீன் மாப்ளைக்கு, புளோயர் மோட்டார் விஷயமா

டேய் மாப்ள,

எப்படிடா இருக்க, வீட்ல தங்கச்சி, புள்ளைங்க எல்லாம் சுகமா? இங்க ரங்கூன்ல வெயிலு மண்டைய பொளக்குது, கரண்டு எப்ப வரும் எப்ப போகும்னே தெரியல, வந்தாலும் சாயங்காலத்துல 170 வோல்ட்டுதான் காட்டுது, ஸ்டெபிலைசர் டக்கு டக்குன்னு அடிச்சுக்கிட்டே கெடக்கு. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்ல, மொகிங்கா நூடுல்ஸ் கடை வரைக்கும் அவங்களே நடந்து போயிட்டு வந்துடுறாங்க.

உன் புளோயர் மோட்டாரு, அதான் டக்ட்ல காத்தத் தள்ளுற மோட்டாரு, அதோட வயர் போட்டோ பார்த்தேன். கறுப்பு, நீலம், செவப்பு, வெள்ளை, அப்புறம் பிரவுன் ரெண்டு. அமெரிக்க மாடல்ல பெரும்பாலும் கறுப்பு ஹை ஸ்பீடு, நீலம் மீடியம், செவப்பு லோ, வெள்ளை காமன், அதாவது எல்லா ஸ்பீடுக்கும் பொது வயரு, பிரவுன் மோட்டார் கெளம்ப ஒத்தாசை பண்ற கப்பாசிட்டருக்கு. ஆனா அத நம்பி கைய வச்சிடாத, கம்பெனிக்கு கம்பெனி மாறும், அதோட உன்னுது ஏற்கெனவே காயில் கட்டுன மோட்டாரு, கட்டுனவன் கையில எந்த வயர் கெடச்சுச்சோ அதத்தான் போட்டிருப்பான், நாம மட்டும் அந்தக் காலத்துல என்ன பண்ணோம்?

மொதல்ல மோட்டார் மேல இருக்குற பிளேட்ல 230 வோல்ட்டுன்னு இருக்கான்னு பாரு. அப்புறம் கரண்ட முழுசா கட் பண்ணிட்டு, கப்பாசிட்டர டிஸ்சார்ஜ் பண்ணிட்டு, அதான் உள்ள தேங்கி நிக்கிற கரண்ட எறக்கிட்டு, கழட்டி வச்சிட்டு, மீட்டர ஓம்ஸ்ல போடு. காமன்ல இருந்து ஒவ்வொரு ஸ்பீடு வயருக்கும் அள. ஹைக்குத்தான் ஓம்ஸ் கம்மி, லோக்குத்தான் ஜாஸ்தி, ஏன்னா லோல காயில் சுத்து கூட. நான் போன மாசம் பார்த்ததுல ஹை 18, மீடியம் 23, லோ 29 வந்துச்சு, ஹைக்கும் லோக்கும் நடுவுல அளந்தா சரியா 11. கழிச்சுப் பார்த்தா கணக்கு இடிச்சுச்சுன்னா நீ காமன தப்பா புடிச்சிருக்கன்னு அர்த்தம்.

இனி என் மானம் போன கதை. ஒரு கல்யாண மண்டபத்துல புளோயருக்கு ஸ்பீடு மாத்துற செலக்டர் ஸ்விட்ச் கெட்டுப்போச்சுன்னு அவசரத்துல நேரடியா குடுத்தேன்டா, ஹைக்கு லைன் குடுத்து, சும்மா கெடந்த லோ வயரையும் அதுகூடவே முறுக்கி விட்டுட்டேன். ரெண்டு ஸ்பீடுக்கும் சேர்த்து கரண்டு குடுத்தா நடுவுல இருக்குற சுத்து ஷார்ட் ஆகி அதுக்குள்ளயே கரண்டு சுத்தும்னு எனக்கு தெரியாதா, தெரியும், ஆனா பசி. கொஞ்ச நேரத்துல வார்னிஷ் கருகி டக்ட் வழியா மண்டபம் பூரா பொகை, முன் வரிசையில ஒரு பாட்டி சாம்பிராணி போடுறாங்கன்னு நெனச்சு கன்னத்துல போட்டுக்கிச்சு.

அதனால சும்மா இருக்குற வயர ஒண்ணோட ஒண்ணு சேர்க்காம தனித்தனியா டேப் அடி. தொங்குதுன்னு தொட்டுடாத, ஹைல ஓடுறப்ப லோ வயர் முனையில லைன் வோல்டேஜுக்கும் மேல நிக்கும்.

ஹைல ஓடுது, லோல உம்ம்னு முனகிக்கிட்டு நிக்குதுன்னு எழுதியிருந்தியே, அது மோட்டார் கோளாறா இருக்கணும்னு அவசியமில்ல. 170 வோல்ட்டுல இழுக்குற சக்தி ஏறக்குறைய பாதிதான், அதுல கப்பாசிட்டரும் வீக்கா இருந்தா லோல எங்க கெளம்பும்? நான் லைன் குடுக்கச் சொன்னப்புறம், ஒரு மூங்கில் குச்சியால வீல லேசா தள்ளிவிட்டுப் பாரு, கைய விடாத, தள்ளுனதும் ஓடுச்சுன்னா கப்பாசிட்டர மாத்து. என்கிட்ட வந்த ஒண்ணுல மேல 10 மைக்ரோஃபாரட்னு போட்டிருந்துச்சு, மீட்டர்ல 6 தான். அதே அளவுதான் போடணும், பெருசா போட்டா நல்லா இழுக்கும்னு உன் பழைய புத்திய காட்டாத. கரண்டு இல்லாதப்ப கையால சுத்துனாலே இறுக்கமா இருந்தா பேரிங் போச்சு, அது வேற செலவு.

ரீடிங் எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி போட்டோ எடுத்து அனுப்பு, நான் பார்த்துச் சொல்ற வரைக்கும் லைன் குடுக்காத. யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா ரெண்டு பம்பளிமாஸ் குடுத்தனுப்பு, இங்க விக்கிறதெல்லாம் சக்கையாத்தான் இருக்கு.

உன் கூட்டாளி,
ரங்கூன்ல இருந்து