டி.சி. வாங்க வந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிறிஸ்தவப் பள்ளிகளில் மாணவர் சேர்க்கை ஏன் வளரவில்லை என்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டணம், போட்டிப் பள்ளிகள், விளம்பரக் குறைவு என்று காரணங்கள் வந்திருந்தன. சரி, இருக்கட்டும். அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் இருபது வருடங்களுக்கு மேல் பாடம் நடத்தியவன் நான். கட்டுரையாளர் எட்டிப் பார்க்காத ஓர் அறை உண்டு: நிர்வாகக் குழு கூடும் அறை.

எங்கள் பள்ளியில் முதல்வர் இருந்தார், அதிகாரம் இல்லை. எதற்கும் தாளாளரைக் கேட்க வேண்டும். தாளாளர் குழுவைக் கேட்பார். குழு மாதம் ஒருமுறை கூடும். ஒரு வருடம் கணக்கு ஆசிரியர் பாதியில் போய்விட்டார். அந்த இடத்தை நிரப்ப மூன்று கூட்டங்கள் ஆயின. முதல் கூட்டம் முழுக்க ஆலயக் கூரை பற்றிய பேச்சிலேயே போய்விட்டது. பெற்றோர் அதுவரை காத்திருப்பார்களா? குழுவில் இருந்தவர்கள் நல்லவர்கள், ஜெபிக்கிறவர்கள். திருச்சபைத் தேர்தலில் ஜெயித்துக் குழுவுக்கு வந்தவருக்குப் பள்ளி நடத்தவும் தெரிந்திருக்கும் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

பைபிளில் யாத்திராகமம் 18ஆம் அதிகாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலை முதல் மாலை வரை, இஸ்ரவேல் மக்களின் தலைவர் மோசே ஒருவரே நியாயம் விசாரிப்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைத்துப் பொறுப்பைப் பிரிக்கச் சொன்னார். இதை வைத்து அருமையாகப் பிரசங்கம் செய்த எங்கள் தாளாளர், சாக்பீஸ் வாங்கிய பில்லிலும் தன் கையெழுத்து வேண்டும் என்பார்.

அப்புறம், விட்டுப் போகிறவர்கள் விஷயம். 400 பேர் படிக்கும் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். கடைசி வகுப்பு முடித்து 30 பேர் போகிறார்கள்; நடுவில் 40 பேர் வேறு பள்ளிக்கு மாறுகிறார்கள். அதே 400இல் நிற்கவே 70 புதுப் பிள்ளைகள் வேண்டும். அந்த 40ஐ 20 ஆக்கிவிட்டு, அதே 70 பேரைச் சேர்த்தால் எண்ணிக்கை 420. இதற்கு ஒரு பேனர்கூடத் தேவையில்லை. ஆனால் டி.சி. வாங்க வருகிறவர்களிடம் ஏன் போகிறீர்கள் என்று எங்கள் அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. கட்டண பாக்கி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். ஒரு தாயிடம் வாசலில் நானே கேட்டேன். மகனை இன்னொரு பையன் அடிப்பதாக மூன்று கடிதம் எழுதினாராம். ஒன்றுக்கும் பதில் இல்லை. "சாமி பள்ளிக்கூடம்னுதான் சேர்த்தேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதவி மாற்றம் இன்னொரு தலைவலி. 1680 வாக்கில் பிரான்சில் கிறிஸ்தவப் பள்ளிகளின் சகோதரர்கள் என்ற துறவற சபையைத் தொடங்கிய லசால், 1717இல் உயிரோடு இருக்கும்போதே பொறுப்பைச் சபைச் சகோதரர் ஒருவரிடம் விட்டுவிட்டார். இரண்டு வருடம் கழித்துத்தான் இறந்தார். அந்தச் சபையின் கல்விப் பணி இன்று சுமார் 80 நாடுகளில் நடக்கிறது. நான் பார்த்த பள்ளிகளில் நிறுவனர் நாற்காலியை விட்டு எழுவதே இல்லை. எழுந்தால் மகன் உட்காருகிறார்.

கட்டுரையாளர் அடுத்த முறை ஒரு பள்ளிக்குப் போனால், முதல்வரைத் தனியாகச் சந்தித்து, யாரையும் கேட்காமல் அவர் முடிவெடுக்கக்கூடிய விஷயங்கள் எவை என்று கேட்டு எழுதட்டும். அந்தப் பட்டியலை உங்கள் இதழில் படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்