‘அன்பு இருந்தால் போதும்’ என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் ஏழைக் குழந்தைகளுக்கான மாலை நேர வகுப்பில் மூன்று வாரம் தொண்டாற்றித் திரும்பிய கும்பகோணத்து இளைஞரைப் பற்றிச் சென்ற இதழில் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். அந்தப் பிள்ளையின் நல்ல மனத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால், ‘மொழி தெரிய வேண்டாம், பயிற்சி வேண்டாம், அன்பு இருந்தால் போதும்’ என்னும் வரியைத் தடித்த எழுத்தில் கட்டம் கட்டி அச்சிட்டிருப்பதைப் பார்த்த பிறகு இரண்டு நாள் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

முப்பத்து மூன்று ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவள் நான். ஓய்வு பெற்ற பின், டர்பனில் வேலையிலிருக்கும் மகன் வீட்டில் 2023-இல் ஐந்து மாதம் தங்கியபோது, உரிய விசா பெற்று, இனாண்டா பகுதியில் இப்படியொரு மாலை வகுப்புக்கு வாரம் மூன்று நாள் போய்வந்தேன். பள்ளி விட்டதும் பிள்ளைகள் நேராக அங்கே வருவார்கள். முதலில் ரொட்டியும் பீன்ஸ் குழம்பும், பிறகுதான் வீட்டுப்பாடம். தென்னாப்பிரிக்காவில் அப்போது பெரும்பாலான கறுப்பினக் குழந்தைகள் மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழியில் படித்துவிட்டு, நான்காம் வகுப்பில் எல்லாப் பாடத்துக்கும் ஆங்கிலத்துக்கு மாற வேண்டியிருந்தது. 2021-இல் நடந்த பன்னாட்டு வாசிப்புத் தேர்வில், அங்கு நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினர் எந்த மொழியிலும் பொருள் புரிந்து வாசிக்க முடியாதவர்களாக இருந்தார்கள். மாலை வகுப்பு தாங்கிப் பிடிக்க வேண்டியது இந்தச் சரிவைத்தான். அதற்கு அன்பு மட்டும் எப்படிப் போதும்?

முதல் வாரம் ஒரு சிறுவனுக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். ‘எட்டு’ என்பதை ஆங்கிலத்தில் சொன்னபோது அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்த உள்ளூர் ஆசிரியை அவன் கைகளைப் பிடித்து, பத்து விரலையும் விரிக்கச் செய்து, இரண்டை மடக்கி, ‘இசிஷியகலோம்பிலி’ என்றார். ஜுலு மொழியில் எட்டுக்குப் பெயரே இரண்டு விரலை விட்டுவிடு என்பதுதான். ஒன்பது என்றால் ஒரு விரலை விட்டுவிடு என்று பொருள். பத்துக்கு ஒன்று குறைவு என்பதைத் தன் பெயருக்குள்ளேயே வைத்திருக்கும் நம் ‘ஒன்பது’ எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தச் சொற்களை நாக்கில் ஏற்றி, அவன் விரலை நானே மடக்கிக் காட்டும் அளவுக்குத் தேற எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. தங்கள் கட்டுரையில் வரும் தொண்டு முழுவதும் முடிந்துபோனதும் மூன்று வாரத்தில்தான்.

இந்த மனத்தாங்கல் இன்று வந்ததல்ல. 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கி நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மறு ஆண்டு நான் ஒரு கடற்கரை ஊர்ப் பள்ளியில் இருந்தேன். வெளிநாட்டிலிருந்து தன்னார்வலர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மாலையில் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துப் பாட்டும் படமும் சொல்லித் தந்தார்கள். நான்கு வாரம், ஆறு வாரம் கழித்து அழுதுகொண்டே விமானம் ஏறினார்கள். தாயைக் கடலுக்குக் கொடுத்துவிட்ட மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, நான்காவதாக வந்த பெண்ணிடம் தன் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டாள். ஏனம்மா என்று கேட்டேன். ‘இவங்களும் போயிடுவாங்க டீச்சர்’ என்றாள். அன்று நான் அவளுக்கு மறுமொழி சொல்லவில்லை. இன்றும் என்னிடம் மறுமொழி இல்லை. இதையெல்லாம் விரிவாக எழுதி அப்போதே தங்கள் இதழுக்கு அனுப்பினேன். தன்னார்வலர்களுக்கு நன்றி சொன்ன முதல் பத்தியை மட்டும் வெளியிட்டீர்கள்.

கட்டுரையில் ‘இருண்ட கண்டம்’ என்றும் ஒரு சொல் வருகிறது. நம் ஆட்களைக் கரும்புத் தோட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து டர்பனுக்கு முதல் கப்பல் போனது 1860-இல். அங்கே காந்தியின் போராட்டத்தில் சிறை சென்ற கொடுமையில் 1914-இல் பதினாறு வயதில் உயிர்விட்ட வள்ளியம்மையின் தாய் எங்கள் பக்கத்துத் தில்லையாடிக்காரர். காவிரிக் கரையில் அச்சாகும் ஓர் இதழ் அந்த மண்ணை இருட்டு என்று எழுதலாமா, ஐயா?

கிழிந்த சட்டையோடு ஒரு குழந்தையை அந்த இளைஞர் இடுப்பில் தூக்கி வைத்திருக்கும் படமும் வெளியாகியிருக்கிறது. நான் போன இடத்தில் காவல்துறைச் சான்றைக் கொடுத்த பின்பு, குழந்தைகளோடு பணியாற்றத் தகாதவர்கள் என்று அந்நாட்டு அரசு வைத்திருக்கும் பதிவேட்டில் என் பெயர் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பின்புதான் உள்ளே விட்டார்கள். படம் எடுக்க மாட்டேன் என்று கையெழுத்தும் வாங்கினார்கள். நம் வீட்டுப் பிள்ளையின் முகத்தைக் கேட்காமல் வேற்று நாட்டுப் பத்திரிகையில் போட்டால் நாம் பொறுப்போமா?

‘நம் ஊரில் இப்படி யார் முன்வருகிறார்கள்?’ என்று கட்டுரை முடிகிறது. கொரோனாவுக்குப் பிறகு, 2021-இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது, எங்கள் தெருவில் பி.எட். முடித்த ஒரு பெண் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலைதோறும் தன் வீட்டுத் திண்ணையில் பதினெட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்தாள். மழைக்காலத்தில் சாரல் அடித்தால் பாயை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு அடுப்படி வரை பிள்ளைகளாக இருப்பார்கள். அவளைப் பற்றித் தங்கள் நிருபரிடம் இருமுறை சொன்னேன். யாரும் வந்து பார்க்கவில்லை.

நான் கேட்பது சிறிய உதவிதான். வெளிநாட்டுத் தொண்டுக்குப் போக விரும்பும் இளைஞர்கள் புறப்படுமுன் விசாரிக்க வேண்டியவற்றை அதே பக்கத்தில், அதே அளவுக் கட்டத்தில் வெளியிடுங்கள்: அங்குள்ள ஆசிரியர் என்ன உதவி கேட்டிருக்கிறார், எத்தனை மாதம் தங்க முடியும், தாம் திரும்பிய பிறகு அந்த வேலையை யார் தொடர்வார், அனுப்பிவைக்கும் அமைப்புக்குத் தாம் கட்டும் பணத்தில் அந்த வகுப்புக்குப் போய்ச் சேருவது எவ்வளவு. இடம் போதாதென்றால் என் கடிதத்தை முழுவதும் விட்டுவிடுங்கள். இந்தக் கேள்விகளை மட்டுமாவது அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
பொறையாறு.