"குளிக்க விடுவாங்களா?" – சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை விசா கிடைத்த சேதியைச் சொன்ன கையோடு நீங்கள் கேட்டது இதுதான்: "அங்கே அருவி நிறைய இருக்குன்னு சொல்றியே, குளிக்க விடுவாங்களா?" நான் "நேரில் வாங்க, சொல்றேன்" என்று சொல்லிவிட்டேன். தென்காசிக்காரர் கேட்கும் இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கோடையில் அப்பா அம்மாவை வரவழைக்கும் நம் ஆட்கள் அமெரிக்காவில் இந்த ராச்செஸ்டர் பக்கம் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவட்டும் என்று எல்லோரும் படிக்கும்படி வைக்கிறேன்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ஸ்டேட் பார்க்குகளில் நான் போய்வந்த ஒவ்வொன்றுக்கும் அதில் மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறேன். பார்க் என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைவுக்கு வர வேண்டாம். இங்கே ஒரு முழு மலையிடுக்கு, ஒரு முழு ஏரிக்கரை, ஊரளவு காடு எல்லாமே பார்க்தான். ஆரம்பத்தில் நோட்டில் ஒரே ஒரு கட்டம் இருந்தது. காட்சிக்கு, பத்துக்கு இத்தனை என்று. வாட்கின்ஸ் க்ளென் என்கிற அருவி மலையிடுக்குக்குக் கொஞ்சமும் யோசிக்காமல் 10 போட்டிருந்தேன்.

அப்புறம் அம்மா வந்தார்கள். உங்கள் மதினியின் முழங்கால் உங்களுக்குத் தெரியும். பத்து மதிப்பெண் வாங்கிய இடமாயிற்றே என்று ஆசையாக அங்கேதான் முதலில் கூட்டிப்போனேன். அறுபது படி ஏறியதும் அம்மா ஒரு கல்சுவரில் உட்கார்ந்துவிட்டார்கள். "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே தண்ணிச் சத்தம் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார்கள். நாங்கள் மேலே போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று. அன்று இரவே நோட்டில் இரண்டாவது கட்டம் போட்டேன். முதல் கட்டம் கண்ணுக்கு, இரண்டாவது உடம்புக்கு. நடக்க முடிகிறதா, உட்கார இடம் உண்டா, கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா, கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிடலாமா, தண்ணீரைத் தொட முடிகிறதா, எல்லாம் இரண்டாவது கட்டத்தில் வரும். இந்த இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து அமைவது அபூர்வம், சித்தப்பா. இத்தனை வருடம் சுற்றியதில் நான் கண்டது அதுதான்.

முதலில் நயாகரா. அமெரிக்கப் பக்கத்து நயாகராவும் ஒரு ஸ்டேட் பார்க்தான் என்பது இங்கே இருக்கும் நம்மவர்களில் பலருக்கே தெரியாது. நாட்டிலேயே மிகப் பழைய ஸ்டேட் பார்க் அது. 1885இல் ஏற்பட்டது. அதற்கு முன்னால் அருவியைச் சுற்றியிருந்த நிலமெல்லாம் தனியார் கையில் இருந்தது. வேலி போட்டு, பார்ப்பதற்குக் காசு வாங்கினார்கள். அருவி எல்லோருக்கும் பொது என்று ஒரு கூட்டம் வருடக்கணக்காகப் போராடித்தான் அரசு அந்த நிலத்தை வாங்கியது. நியூயார்க் நகரத்து சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஃபிரெட்ரிக் லா ஓம்ஸ்டெட் அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவர். இன்றைக்கும் உள்ளே நடந்துபோக டிக்கெட் கிடையாது. காரை நிறுத்தவும், படகுக்கும், லிஃப்டுக்கும்தான் காசு.

பொதுப்பணித் துறையில் மடையும் ஷட்டருமாக வாழ்ந்த உங்களுக்காக ஒன்று எடுத்துவைத்திருக்கிறேன். நயாகராவில் விழும் தண்ணீருக்குக் கணக்கு உண்டு. 1950இல் அமெரிக்காவும் கனடாவும் போட்ட ஒப்பந்தப்படி, சுற்றுலாப் பருவத்தில் பகல் நேரத்தில் விநாடிக்கு 1 லட்சம் கனஅடிக்குக் குறையாமல் அருவியில் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் 50 ஆயிரம் கனஅடி போதும். மீதியை இரண்டு நாடும் மின்சாரத்துக்குத் திருப்பிக்கொள்கின்றன. மேட்டூரில் 1 லட்சம் கனஅடி திறப்பு என்று பேப்பரில் வந்தால் காவிரிக் கரையெல்லாம் தண்டோரா போடுவார்கள் அல்லவா? இங்கே சுற்றுலாப் பருவத்தில் அது பகல்தோறும் நடக்கிற சங்கதி.

அங்கே குளிக்க முடியாது. ஆனால் நனையலாம். கேவ் ஆஃப் த விண்ட்ஸ் என்று ஒரு இடம். லிஃப்டில் 175 அடி கீழே இறக்கி, மஞ்சள் ரெயின்கோட்டும் செருப்பும் கொடுத்து, மரப் பாலங்கள் வழியாக நடத்திப் போகிறார்கள். கடைசி மேடையிலிருந்து பிரைடல் வெயில் என்கிற சிறிய அருவி சுமார் 20 அடி தூரம்தான். அங்கே நிற்கும்போது ரெயின்கோட் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். முகத்தில் அறைகிற தண்ணீரில் எனக்கு ஐந்தருவி ஞாபகம் வந்தது. குளிர்காலத்துப் பனிக்கட்டி நொறுக்கிவிடும் என்பதால் அந்த மரப்பாலங்களை ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பிரித்து, வசந்தத்தில் புதிதாகக் கட்டுகிறார்கள். கண்ணுக்கு 9, உடம்புக்கு 8. கடைசி மேடைக்குப் படி உண்டு, மெதுவாக ஏறலாம்.

சரி, மற்ற அருவிகளில் ஏன் குளிக்க விடுவதில்லை? எனக்கும் முதல் இரண்டு வருடம் இது பெரிய மனக்குறை. தண்ணீர் கண்முன்னே கொட்டுகிறது, பக்கத்திலேயே "இறங்காதே" என்று பலகை. காரணம் பாறையில் இருக்கிறது. நம் மலைப் பாறை கெட்டி. இங்கே இருப்பது பழைய கடலடிச் சேறு தட்டுத் தட்டாக இறுகி உண்டான ஷேல் பாறை. பனியுகத்தில் பனிப்பாளங்கள் ஏரிகள் இருக்கிற பெரிய பள்ளத்தாக்குகளை ஆழமாக வழித்துவிட்டன. பக்கத்து ஓடைகள் மேலேயே தொங்கி நின்றுவிட்டன. பனி விலகிய பிறகு, ஓடைகள் அந்த உயரத்திலிருந்து விழுந்து விழுந்து தட்டுப் பாறையை அறுத்ததுதான் இந்த மலையிடுக்குகள். அறுப்பு இன்னும் நிற்கவில்லை. குளிரில் விரிசலுக்குள் நீர் உறைந்து கல்லை நெம்பிவிடுகிறது. அதனால்தான் வாட்கின்ஸ் க்ளென் பாதையைக் குளிர்காலம் முழுக்க மூடிவைத்து, வசந்தத்தில் ஆட்களை அனுப்பிச் சுவரில் தளர்ந்திருக்கும் கற்களைத் தட்டி விழவைத்த பிறகுதான் திறக்கிறார்கள். குற்றாலத்தில் வெள்ளம் கூடினால் குளிக்கத் தடை போடுவதை நீங்கள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. இதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாட்கின்ஸ் க்ளென்னுக்குக் கண் கட்டத்தில் இன்றும் 10தான், மாற்றவில்லை. சுமார் இரண்டு மைல் நீளத்தில் 19 அருவிகள், 832 கல்படிகள். ஓரிடத்தில் பாதை அருவிக்குப் பின்னால் போகிறது. இன்னோரிடத்தில் மேலேயிருந்து ஒழுகும் தண்ணீர் தோளில் விழும். அசல் சாரல். 1935 வெள்ளத்தில் பழைய பாதை அடித்துக்கொண்டு போனபிறகு, பொருளாதார மந்தக் காலத்தில் வேலையற்ற இளைஞர்களுக்கு அரசு ஏற்படுத்திய படை ஒன்று வந்து, சுற்றியிருக்கும் பாறையோடு பாறையாகத் தெரியும்படி இந்தக் கல்வேலையைச் செய்தது. உடம்புக்கு 5. உங்களுக்கு நான் வைத்திருக்கும் திட்டம், மேல் வாசலில் இறக்கிவிட்டு இறங்கு முகமாக நடத்துவது. சித்தி வரவேண்டாம், அவர்களுக்கு வேறு இடம் உண்டு.

அந்த இடம் டாகனக். அருவியின் உயரம் 215 அடி, நயாகராவை விட அதிகம். அதன் அடிவாரம் வரை முக்கால் மைல், சமதளம், ஒரு படிகூட ஏற வேண்டாம். அதனால் உடம்புக்கு 9. கண்ணுக்கு எத்தனை என்பது நீங்கள் வருகிற மாதத்தைப் பொறுத்தது. நம் சீசன் ஜூனில் ஆரம்பிக்கிறது. இங்கே சீசன் ஏப்ரல், மே. பனி உருகி ஓடைகள் பொங்கும் மாதங்கள் அவை. ஜூலைக் கடைசியில் மழை இல்லாவிட்டால் அதே டாகனக் சன்னமாக நூல்போல இறங்கும். மே மாதம் நான் போட்டது 10, ஒரு ஆகஸ்டில் போட்டது 6. இரண்டையும் நோட்டில் விட்டுவைத்திருக்கிறேன். ஒரே ஒரு நாள் போய்விட்டு "அங்கே ஒண்ணுமே இல்ல" என்று சொல்பவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரான பதில். ராபர்ட் ட்ரீமன் ஸ்டேட் பார்க். இத்தாக்காவுக்குப் பக்கம். ட்ரீமன் அந்த ஊர் வங்கியாளர், 1920இல் அந்த இடத்தை மாநிலத்துக்குக் கொடுத்துவிட்டார். மேல்பகுதியில் லூசிஃபர் என்று 115 அடி அருவி ஒன்று உண்டு, அது கண்ணுக்கு. கீழ்ப்பகுதியில், அகலமான ஒரு சின்ன அருவியின் காலடியிலேயே குளம். கோடையில் லைஃப்கார்ட் இருக்கும் நேரத்தில் இறங்கிக் குளிக்கலாம். சித்தப்பா, முதல் தடவை அந்தத் தண்ணீரில் இறங்கியபோது எனக்கு மூச்சு ஒரு நொடி நின்றது. அவ்வளவு குளிர்ச்சி. கழுத்தளவு தண்ணீரில் நின்று, விழுகிற சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு கண்ணை மூடினால் பழைய குற்றாலம்தான். எண்ணெய், சோப்பு, சீயக்காய் கிடையாது, அது ஓடைத் தண்ணீர். கண்ணுக்கு 8, உடம்புக்கு 10. நோட்டில் உடம்புக்குப் பத்து வாங்கியது இது ஒன்றுதான். பக்கத்திலேயே பட்டர்மில்க் ஃபால்ஸிலும் இப்படி அருவிக் காலடியில் குளம் இருக்கிறது. கூட்டம் பார்த்து இரண்டில் ஒன்றுக்குப் போவோம்.

லெட்ச்வொர்த்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். ஜெனசி ஆறு வடக்கு நோக்கி ஓடும் ஆறு. 17 மைல் நீளப் பூங்காவுக்குள் மூன்று பெரிய அருவிகளாக விழுந்து, ஆழமான இடுக்குக்குள் வளைந்து வளைந்து போகிறது. செனகா என்கிற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த நிலம் அது. 1859 முதல் வில்லியம் லெட்ச்வொர்த் என்ற தொழிலதிபர் அங்கே நிலம் வாங்கி, மரம் நட்டு, 1906இல் மொத்தத்தையும் மாநிலத்துக்கு எழுதிவைத்தார். காரிலேயே போய், நின்று, பார்த்து, மறுபடி ஏறிக்கொள்ளலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. மேல் அருவிக்கு மேலே ரயில்பாலம் போகிறது. பழைய இரும்புப் பாலத்துக்குப் பதிலாக 2017இல் திறந்த புதிய வளைவுப் பாலம். சரக்கு ரயில் வரும்வரை அசையாமல் நிற்பீர்கள் என்று தெரியும். நான் அவசரப்படுத்த மாட்டேன்.

பூங்காவின் வடகோடியில் உங்களுக்கென்றே ஒன்று காத்திருக்கிறது. மவுண்ட் மாரிஸ் அணை. 1952இல் கட்டி முடித்த கான்கிரீட் அணை. பாசனத்துக்கோ மின்சாரத்துக்கோ தண்ணீர் தேக்குவதில்லை. வெள்ளம் வந்தால் மட்டும் பிடித்துவைத்து, ராச்செஸ்டர் நகரம் தாங்கும் அளவுக்கு மெல்ல மெல்ல விடுகிறது. 1972இல் ஆக்னஸ் புயலின்போது கிட்டத்தட்ட விளிம்புவரை நிறைந்ததாம். வருடம் முழுக்கத் தண்ணீருக்காக வானம் பார்த்த ஊர்க்காரருக்கு, காலியாக இருப்பதற்காகவே ஓர் அணை என்பது எப்படியிருக்கும் என்று உங்கள் முகத்தைப் பார்க்க ஆசை. லெட்ச்வொர்த்துக்குக் கண்ணுக்கு 10, உடம்புக்கு 9. ஆற்றில் இறங்க விடமாட்டார்கள், அதற்குத்தான் ஒன்று குறைத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு அங்கே கல்மேசைகள் உண்டு. புளியோதரையும் தயிர்சாதமும் சித்தி கையால் இருந்தால் நல்லது.

செலவு பற்றி யோசிக்காதீர்கள். காருக்கு ஒரு நாளைக்கு 8, 10 டாலர் என்று வாங்குவார்கள். நான் வருடச் சந்தா அட்டை எடுத்துவிட்டேன். காரில் எத்தனை பேர் இருந்தாலும் அதே அட்டைதான்.

பெட்டியில் இடம் இருந்தால் ஈரிழைத் துண்டு நான்கு எடுத்து வாருங்கள். இங்கே கிடைப்பதெல்லாம் தடித்த துண்டு. ஒருமுறை நனைந்தால் ட்ரீமனிலிருந்து வீடு வந்து சேரும்வரை காயாது. பாசிப் பாறையில் வழுக்காத பழைய செருப்பு ஒரு ஜோடி வேண்டும். சித்திக்கும் ஒரு மாற்றுடை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். இறங்க மாட்டேன் என்றுதான் சொல்வார்கள், ஆனால் தண்ணீரைப் பார்த்தபிறகு என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்