கூடப் போக ஒரு ஆள்

மக்களே,

மாப்பிள்ளையை இழந்த பட்டாளத்து வீட்டுப் பெண்களுக்காக முட்டு வலியோடு மழையில் ஏன் அலைகிறாய் என்று நீ போனில் கோபமாகக் கேட்டபோது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

குலசேகரம் பக்கம் ஒரு பிள்ளை, உன்னைவிட இரண்டு வயது இளையவள். மாப்பிள்ளை பட்டாளத்தில் இருந்தபோதே நெஞ்சுவலியில் போய்விட்டான். சாவுச் சடங்கெல்லாம், அடியந்திரம்வரை, முடிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாம் போய்விட்டார்கள். யூனிட்டிலிருந்து வந்த அவனுடைய கறுப்பு டிரங்குப் பெட்டி திறக்காமலே திண்ணையில் கிடந்தது. நான் போன முதல் நாள் பென்ஷன் பேச்சே எடுக்கவில்லை. கட்டன்சாயா குடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சும்மா இருந்தோம், அப்புறம் அவளே சாவியை எடுத்து வந்தாள். மேலாக மடித்து வைத்த ஸ்வெட்டர், அடியில் குழந்தைக்கு வாங்கி வைத்திருந்த ஒரு ஜோடி ஷூ. அவள் அழுது முடியும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், வேறு என்ன செய்ய.

இரண்டாம் முறை போனபோதுதான் காகிதங்களைப் பார்த்தேன். முழுச் சம்பளமும் பென்ஷனாக வரும் என்று யாரோ சொல்லி, மாமியாருக்கும் அவளுக்கும் அதிலேயே மனஸ்தாபம். போரிலோ தீவிரவாதிகளோடு நடந்த சண்டையிலோ போனால்தான் அப்படி. வேலையின் காரணமாகப் போனால் கடைசிச் சம்பளத்தில் 60 சதவீதம். இரண்டும் இல்லையென்றால் முதல் 10 வருடம் 50, அப்புறம் 30. இவளுக்கு எது என்பது மரணம் எதனால் என்று பட்டாளத்தில் எழுதுவதைப் பொறுத்தது, அதனால் அந்தக் காகிதத்தின் நகலை வாங்காமல் எதிலும் கையெழுத்து போடாதே என்று சொல்லியிருக்கிறேன். பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று வருகிறவர்களையும் வாசலிலேயே அனுப்பிவிடச் சொன்னேன், அவர்கள் முதல் மாதமே வந்துவிடுவார்கள்.

உன் அப்பா போனபோது நீ ஐந்தாம் வகுப்பு, உனக்கு இதெல்லாம் தெரியாது. பட்டாளத்துப் பதிவில் என் பெயரோடு உன் அப்பாவின் இனிஷியல், ரேஷன் கார்டில் உன் தாத்தாவின் இனிஷியல். அந்த ஒரு எழுத்துக்காக பதினோரு மாதம் நடந்தேன். ஒரு அலுவலகத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆம்பளை ஆள் யாரும் கூட வரலியா?" என்றார். வடசேரி பஸ் ஸ்டாண்டில் அன்றைக்கு எத்தனை பஸ்ஸை விட்டேன் என்று எனக்கே தெரியாது.

அந்தக் கேள்வி இன்னொருத்தி காதில் விழக்கூடாது மக்களே. நான் கூடப் போகிறேன். அவ்வளவுதான் என் வேலை. வயதான அக்காமார் நாலு பேருக்கு வருடா வருடம் உயிர்ச் சான்றிதழும் நான்தான் என் போனில் அவர்கள் முகத்தைக் காட்டி எடுத்துக்கொடுக்கிறேன், இல்லையென்றால் பென்ஷன் நின்றுவிடும்.

முட்டுக்கு எண்ணெய் தேய்க்கிறேன், கவலைப்படாதே. வியாழக்கிழமை அந்தப் பிள்ளையை நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூட்டிப்போகிறேன். குழந்தை என் மடியில் இருக்கும், மத்தியானம் போன் எடுக்கவில்லை என்றால் பயப்படாதே, ராத்திரி நானே கூப்பிடுகிறேன்.

அம்மா