மழை வருமுன் எங்களுக்கும் சொல்லுங்கள்: காசிமேட்டுக் கருவாட்டுப் பெண்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்
காசிமேடு கடற்கரையில் கருவாடு போடும் பெண்கள்,
சென்னை 600 013.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
ராஜாஜி சாலை, சென்னை 600 001.

பொருள்: கோடை இடிமழை, வெப்ப எச்சரிக்கைகளைக் காசிமேட்டில் ஒலிபெருக்கியில் அறிவிக்கவும், கத்திரி வெயிலுக்கு முன் நிழலும் குடிநீரும் செய்து தரவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாங்கள் நெத்திலி, காரப்பொடி என்று அன்றன்றைக்குக் கிடைக்கும் மீனை ஏலத்தில் எடுத்து, மணலில் தார்ப்பாய் விரித்துக் காய வைத்து விற்கிறவர்கள். வெயிலைக் குறை சொல்ல இந்த மனு இல்லை. வெயில் அடித்தால்தான் எங்களுக்குச் சோறு. அது எந்த நேரத்தில் மழையாக மாறும் என்று தெரியாமல்தான் கோடைக்குக் கோடை அடிபடுகிறோம்.

போன மே மாதம் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறோம். காலையில் போட்ட நெத்திலி மதியம் மூன்று மணிக்கு முக்கால்வாசி காய்ந்திருந்தது. கையில் எடுத்தால் வளைகிறது, இன்னும் ஒடியவில்லை. ஒரு மணி நேரம் கிடந்தால் அள்ளிவிடலாம் என்று படகு நிழலில் உட்கார்ந்தோம். கடல் காற்று சட்டென்று நின்றுபோனது. மேற்கே கறுத்தது. ஐந்தே நிமிடம்தான், மணலை வாரி அடித்துக்கொண்டு காற்று, பின்னாலேயே மழை. தார்ப்பாயை மடிப்பதற்குள் பாதி மீன் மணலோடு மணலாகிவிட்டது. நனைந்த நெத்திலி மறுநாள் எவ்வளவு வெயில் கண்டாலும் தேறாது, பழுப்பேறி வாடை வந்துவிடும். கடைசியில் கோழித் தீவனத்துக்குக் கேட்ட விலைக்குத் தள்ளினோம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், சார்ஜில் கிடந்த போனில் ஒன்றரை மணிக்கே செய்தி வந்திருக்கிறது: அடுத்த மூன்று மணி நேரத்தில் சென்னையில் இடியுடன் கூடிய மழை.

ஆக, எச்சரிக்கை வந்தது, மணலுக்குத்தான் வரவில்லை. தங்கள் அலுவலகம் இருக்கும் அதே ராஜாஜி சாலையில், துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில்தான் மழை மேகத்தைக் கண்டுபிடிக்கும் வானிலைத் துறையின் டாப்ளர் ராடார் இருக்கிறது. அதை அண்ணாந்து பார்த்தபடிதான் இத்தனை வருஷமும் நனைந்திருக்கிறோம்!

மார்ச் முதல் மே வரைக்கான கணிப்பை வானிலைத் துறை கோடை தொடங்கும்போதே வெளியிட்டுவிடுகிறது. நாட்டின் பல பகுதிகளில் வெப்பம் இயல்பைவிடக் கூடும் என்பது சில வருஷமாகவே அதில் வருகிற வாசகம். பகல் சூடு ஏற ஏற, உள்நாட்டில் மேகம் திரண்டு, சாயங்காலம் இடியும் காற்றுமாக இந்தப் பக்கம் திரும்புவது எங்கள் ஆயா காலத்திலேயே தெரிந்ததுதான். திருத்தணிப் பக்கம் மின்னினால் பாயைச் சுருட்டு என்பார்கள். இப்போது மேற்கே பார்த்தால் கட்டடங்கள்தான் தெரிகின்றன. புயலும் ஐப்பசி, கார்த்திகைக்கு மட்டும் சொந்தமில்லை. 2010 மே மாதம் லைலா, 2016 மே மாதம் ரோவானு என்று கோடையிலேயே வந்து போயிருக்கின்றன.

அதனால் நாங்கள் முதலில் கேட்பது ஒரு மைக். மூன்று மணி நேர எச்சரிக்கையில் சென்னை பெயர் வந்த உடனே, மீன்பிடித் துறைமுகத்திலும் கருவாடு காயும் இடத்திலும் அறிவிக்க வேண்டும். இதற்கென்று பொறுப்பாக ஒருவரை நியமித்தால் நல்லது, இல்லாவிட்டால் ஆளாளுக்கு அடுத்தவர் சொல்வார் என்று விட்டுவிடுவார்கள். 'மஞ்சள் எச்சரிக்கை' என்று சொன்னால் எங்களுக்குப் புரியாது. 'நாலு மணிக்குள் இடி மழை, மீனை எடுங்கள், ஃபைபர் படகில் போகிறவர்கள் நில்லுங்கள்' என்று சொன்னால் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுதான் போகாது, ஃபைபர் படகுகள் போகும். நடுக்கடலில் மின்னல் இறங்கினால் ஒதுங்க இடம் ஏது?

அப்புறம் வெப்பம். செய்தியில் சொல்லும் சென்னை வெயில் நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் அளந்தது. கடலோர ஊரில் 37 டிகிரியாவது இருந்து, அது இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால்தான் வெப்ப அலை என்கிறார்கள். மே மாதம் இங்கே இயல்பே 37 டிகிரியை ஒட்டித்தான். அப்படியானால் 39 டிகிரியில், வேர்வை காயாத புழுக்கத்தில் மயங்கி விழுகிறவளுக்கு வெப்ப அலை எச்சரிக்கை கிடையாது. மேற்கத்திக் காற்று பலமாக இருந்து கடல் காற்று மூன்று மணிவரை உள்ளே வராத நாளில் மணலில் கால் வைக்க முடியவில்லை. வீடாவது குளிருமா என்றால், சிமெண்ட் ஷீட் ராத்திரி பத்து மணிக்கும் கொதிக்கிறது. தெருவில் பாய் போட்டுத்தான் படுக்கிறோம். காசிமேட்டிலேயே ஒரு தானியங்கி வானிலைக் கருவி வைத்து, அளவைப் பலகையில் காட்ட ஏற்பாடு செய்யுங்கள்.

வெப்ப அலையைத் தமிழக அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் சொல்லியிருக்கிறது. சரி, நல்லதுதான். ஆனால் உயிரோடு இருக்கிறவளுக்கு ஒரு கீற்றுப் பந்தலும், தண்ணீர் டேங்க்கும், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும் போதும். மே 4 வாக்கில் கத்திரி பிறப்பதற்கு முன் அவை வந்துவிட வேண்டும்.

எங்கள் தெருவில் கதவு துருப்பிடித்துத் திறந்து கிடக்கும் மின்சாரப் பில்லர் பாக்ஸ்களையும், தாழத் தொங்கும் ஒயர்களையும் ஏப்ரலுக்குள் சரிசெய்ய உரியவர்களுக்கு உத்தரவிட வேண்டுகிறோம். முதல் கோடை மழையில் குழந்தைகள் ஆட இறங்குவது அந்தத் தெருவில்தான்.

நேரில் பார்க்க வருவதாக இருந்தால், தயவுசெய்து காலை பதினொரு மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன்னால் வந்தால் மணல் சுடாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காசிமேடு கருவாட்டுப் பெண்கள்
(கையெழுத்துகளும் கைநாட்டுகளும் தனித்தாளில்)