பூப்பாத்திக்குள் கால் வைக்காமலே படம் எடுக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுமுறை நாட்களில் ராமேசுவரம் தீவுக்கு வருகிறவர்கள் பூங்காவுக்குள் நுழைந்ததும் பூவும் கட்டடமும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்று நேராகப் பாத்திக்குள் இறங்கிவிடுகிறார்கள். போனைப் பூவுக்கு அருகில் கொண்டுபோவதற்குள் நாலு செடி மிதிபடுகிறது, கிளை ஒடிகிறது. அப்படியும் படம் சரியாக வருவதில்லை. பாத்திக்கு வெளியே, நடைபாதையில் நின்றால்தான் அந்தப் படம் நன்றாக அமையும்.

பேய்க்கரும்பில் 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்ட அப்துல் கலாம் நினைவிடத்தையே எடுத்துக்கொள்வோம். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை; வெளித்தோட்டத்தோடு சரி. செம்பருத்திக்கு 30 செ.மீ. கிட்டத்தில் போனை வைத்தால் பூ திரையை நிறைத்துக்கொள்ளும், பின்னால் நிற்கும் குவிமாடம் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கிவிடும். பல போன்கள் மிக அருகில் போனதும் தாமாகவே அகலக்கோண லென்ஸுக்கு மாறிக்கொள்வதால் கட்டடம் இன்னும் சிறுத்துப்போகும். அதற்குப் பதில் 90 செ.மீ. தள்ளி நின்று 3 மடங்கு ஜூம் வையுங்கள். பூவின் அளவு குறையாது. 60 மீட்டருக்கு அப்பால் இருக்கும் கட்டடத்துக்கோ நீங்கள் பின்வாங்கிய 60 செ.மீ. ஒரு பொருட்டே இல்லை. ஜூம் அதை 3 மடங்காக்கிக் காட்டும். போனில் தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் தனி டெலி லென்ஸ் இல்லையென்றால் 60 செ.மீ. தூரமும் 2 மடங்கும் போதும். அதற்கு மேல் போனால் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான் நடக்கும், விவரம் கூடாது.

கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸ் துளையின் அளவை எஃப் 11-இல் வைத்துத் தொடங்கலாம்; எண் கூடக் கூடத் துளை சுருங்கும். பூவில் ஃபோகஸ் வைத்தால் கட்டடம் சற்று மங்கத்தான் செய்யும். இன்ன கட்டடம் என்று தெரிந்தால் போதும். இரண்டும் கூர்மையாக வேண்டுமென்று எஃப் 22 வரை போனால் படம் முழுவதுமே மெல்லிய மங்கலாகிவிடும்.

நம் கடற்கரையில் இதைவிடப் பெரிய தொல்லை காற்று. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று வீசும்போது பூ ஒரு நொடி நிற்காது. ஷட்டர் வேகம் 1/500-க்குக் கீழே இறங்கக் கூடாது. நீண்ட காம்புள்ள பூ என்றால் 1/1000. வெளிச்சம் போதாவிட்டால் ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 800 வரை தாராளமாக ஏற்றலாம். அதனால் புள்ளி விழுந்த படத்தைப் பிறகு ஓரளவு சரிசெய்யலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. காற்று வரும் பக்கம் ஒருவர் குடையை விரித்துப் பிடித்தாலே பாதித் தொல்லை தீரும். பகல் ஏற ஏறக் கடற்காற்று வலுக்கும் என்பதால் காலை 8 மணிக்குள் எடுத்து முடிப்பது நல்லது. உச்சி வெயிலைத் தவிர்க்கவும் அதுவே வழி.

நிறத்திலும் கவனம் வேண்டும். செம்பருத்தி, இட்லிப்பூ போன்ற அடர் சிவப்புப் பூக்களில் இதழின் நரம்புகள் மறைந்து, பூ வெறும் சிவப்புத் திட்டாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு நிறப்பதிவு மட்டும் எல்லை தாண்டிவிடுவதே காரணம். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்ச அளவை, 0.7 குறைத்தால் நரம்பு திரும்ப வரும். வெண்மணல் பின்னணி என்றால் நேர் எதிர்: கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும், 0.7 கூட்ட வேண்டும்.

பூங்காவுக்கு வெளியேயும் பூ இருக்கிறது. மணல்மேட்டில் படரும் அடம்புக்கொடி காலையில் மலர்ந்து பிற்பகலுக்குள் வாடிவிடும். அதன் ஊதா நிறத்தைப் போன் நீலமாக்கிவிடுவதால் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் ‘வெயில்’ குறியில் வையுங்கள். கொடியின் கணுக்கள் மணலில் வேர்விட்டுத்தான் மேட்டைப் பிடித்து நிறுத்துகின்றன. பூவைத் தேடிக் கொடியின் மேல் நடந்தால் அந்தக் கணுக்கள்தான் அறுபடும். பூவரசில் ஒரே பூவைக் காலையில் மஞ்சளாகவும் மாலையில் செம்மை ஏறியும் எடுக்கலாம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவர்கள் அந்த மரத்தைச் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டார்கள்.

லென்ஸில் படியும் உப்பை வேட்டித் தலைப்பாலோ துப்பட்டாவாலோ உலரத் துடைக்கவே கூடாது; உப்புத்துகளும் மணலும் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி, அதன்பின் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி. ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் பனிபிடிக்கும். பைக்குள்ளேயே 20 நிமிடம் வைத்து வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். தனுஷ்கோடி மணலில் லென்ஸ் மாற்றுவது அறவே வேண்டாம்.

உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளம் இருப்பதால், அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடுவதும் கூடாது.

பூங்காக்களைப் பராமரிப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. பூவும் கட்டடமும் ஒரே கோட்டில் அமையும் இரண்டு மூன்று இடங்களில், பாத்திக்கு வெளியே ஒருவர் நிற்கும் அளவு கல் பதித்து, கேமராப் படம் வரைந்து வையுங்கள். காலை வெயிலுக்கு ஒரு கல், மாலை வெயிலுக்கு ஒரு கல் என்று தனித்தனியே வேண்டும். சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் போய்விட்டால் முகப்பு இருண்டுவிடும். கல்லுக்கும் முதல் வரிசைச் செடிக்கும் 90 செ.மீ. இடைவெளி இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.